பெல்லாவில் ஒரு சனிக்கிழமை: அமெரிக்கச் சிற்றூரை உள்ளூர்க்காரர் போலச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

முதல் தடவை நான் பெல்லாவுக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேக்கரி பூட்டு, கறிக்கடை பூட்டு, பரிசுப்பொருள் கடைகளும் பூட்டு. ஊர் நடுவே இருந்த பூங்காவில் நானும் நாலு அணில்களும்தான். அன்று பட்ட பாட்டிலிருந்துதான் இந்தக் குறிப்பே பிறந்தது.

அயோவா மாநிலத் தலைநகர் டெ மொய்னிலிருந்து தென்கிழக்கே, 163ஆம் நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டினால் பெல்லா. பத்தாயிரம் பேருக்குக் கொஞ்சம் அதிகமானோர் வாழும் ஊர். நெதர்லாந்தில் அரசுத் திருச்சபையோடு முரண்பட்டு வெளியேறிய ஹென்றிக் ஸ்கோல்ட்டே என்ற போதகரின் பின்னால் சுமார் 800 பேர் கடல் தாண்டி வந்து 1847இல் அமைத்த குடியேற்றம் இது. ஆதிக் கிறிஸ்தவர்கள் ஜெருசலேமிலிருந்து தப்பி அடைக்கலம் புகுந்த பழைய பெல்லாவின் பெயரையே தம் ஊருக்கும் வைத்தார்கள். வந்த புதிதில் பலரும் புல்மண் கட்டிச் சுவர் எழுப்பி, வைக்கோல் கூரை வேய்ந்து வாழ்ந்தார்கள். ஊரின் ஒரு பகுதிக்கு இன்றும் ‘ஸ்ட்ரா டவுன்’ என்றே பெயர்.

படி 1: கிழமை பாருங்கள்

சனிக்கிழமைதான் சரி. ஞாயிறு இங்கே கோவிலுக்கும் ஓய்வுக்குமான நாள். டச்சு சீர்திருத்தச் சபை வழக்கம் இன்னும் தளரவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் நடக்கும் டூலிப் திருவிழாவுக்குத்தானே எல்லோரும் போகிறார்கள் என்று கேட்பீர்கள். 1935இல் தொடங்கிய அந்த விழா அழகானதுதான். மரச்செருப்பு மாட்டிக்கொண்டு வாளியும் துடைப்பமுமாகத் தெருவைத் தேய்த்துக் கழுவி, அதன் பிறகே ஊர்வலத்தை விடுவார்கள். ஆனால் முதல் முறை போகிறவர்கள் அன்றைக்குப் போகவேண்டாம் என்பேன். திருவிழா அன்று ஊர்க்காரர்கள் எல்லோரும் வேடத்தில் இருப்பார்கள். வேடம் கலைந்த சனிக்கிழமையில்தான் ஊரைப் பார்க்க முடியும். செப்டம்பர் எனக்குப் பிடித்த மாதம். வெயில் தணிந்திருக்கும், மக்காச்சோளக் கொல்லை காயத் தொடங்கியிருக்கும்.

படி 2: வயிற்றிலிருந்து தொடங்குங்கள்

காலையிலேயே போய்ச் சேருங்கள். நேராக யார்ஸ்மா பேக்கரி. 1898 முதல் இயங்குகிறது. உள்ளே போனதும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து மலைக்காமல் ‘டச்சு லெட்டர்’ ஒன்று கேளுங்கள். வெண்ணெய் சேர்த்து அடுக்கடுக்காகப் பொரியும் மாவுக்குள் பாதாம் விழுதை வைத்துச் சுருட்டி, ஆங்கில எஸ் எழுத்தாக வளைத்துச் சுட்ட பண்டம். மேலே சர்க்கரை தூவியிருக்கும். நெதர்லாந்தில் டிசம்பர் மாதம் புனித நிக்கலாஸ் பண்டிகைக்குச் செய்யும் எழுத்துப் பலகாரம் இது. பெல்லாவில் ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது. சூடாறினாலும் ருசி குறையாது. ஆனால் சட்டையெல்லாம் துகள் கொட்டும், கறுப்புச் சட்டை போட்டுப் போகாதீர்கள்.

அசைவக்காரர்கள் அடுத்து உல்ரிச் கறிக்கடைக்குப் போகலாம். 1868இல் தொடங்கிய கடை. வளையமாகக் கட்டிய ‘பெல்லா பொலோனி’ என்ற தொத்திறைச்சிதான் இங்கே பேர்பெற்றது. மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் சேர்த்துப் புகையிட்டது, ஆகவே தெரிந்து வாங்குங்கள். ஊர்க்காரர்கள் இதைச் சீஸும் உப்பு பிஸ்கட்டுமாக அப்படியே சாப்பிடுவார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிட்டு இன்னொரு டச்சு லெட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

படி 3: பூங்காவில் சும்மா உட்காருங்கள்

இதுதான் புதியவர்களுக்குக் கஷ்டமான படி. பெஞ்சில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். சுற்றிலும் செங்கல் முகப்பும் படிப்படியாக ஏறும் கூரைவிளிம்புமாகக் கடைகள். நகரின் மையத்தில் கட்டுபவர்கள் டச்சு முகப்போடுதான் கட்டவேண்டும் என்பது ஊரின் ஏற்பாடு. கொஞ்சம் நாடகத்தனம் இருக்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் அதே முகப்புக்குக் கீழே ஒருவர் டிராக்டர் உதிரிபாகம் பற்றிப் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டு போவார். ஜன்னல் செய்யும் பெல்லா நிறுவனமும் வேளாண் இயந்திரம் செய்யும் வெர்மியர் நிறுவனமும் இந்த ஊரில்தான் இருக்கின்றன. சுற்றுலாவை மட்டும் நம்பிப் பிழைக்கிற ஊர் இல்லை இது.

11 மணிக்குச் சற்று முன்னால் ‘க்ளோக்கன்ஸ்பெல்’ எனும் மணிக்கூண்டுப் பக்கம் நகருங்கள். மணி அடிக்கும்போது ஜன்னல்கள் திறந்து, ஊர் வரலாற்று மனிதர்கள் பொம்மைகளாக வெளியே வருவார்கள். 11ஐத் தவறவிட்டால் பகல் 1 மணிக்குத் திரும்ப வாருங்கள்.

படி 4: காற்றாலையில் ஏறுங்கள்

அடுத்த தெருவிலேயே வெர்மியர் காற்றாலை, 124 அடி உயரம். நெதர்லாந்தில் பாகம் பாகமாகச் செய்து கப்பலில் கொண்டுவந்து, 2002இல் இங்கே பொருத்தினார்கள். பார்வைக்கு வைத்த பொம்மையல்ல, காற்றடித்தால் உண்மையாகவே கோதுமை அரைக்கும். அடியில் ஏன் இவ்வளவு உயரமான செங்கல் கட்டடம் என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். ஊருக்குள் இருக்கும் ஆலைக்கு அண்டை வீட்டுக் கூரைகள் காற்றை மறிக்கும், அதனால் இறக்கைகளை மேலே தூக்கியாக வேண்டும். அந்த இறக்கைகள்மேல் எந்தக் காற்றுக்கு எவ்வளவு துணி விரிப்பது என்பது கப்பலில் பாய் கட்டுகிறவர்களின் கணக்கு போலத்தான்.

அதே வளாகத்தில் வரலாற்றுக் கிராமம் இருக்கிறது. அங்கே வையாட் எர்ப் சிறுவனாக வளர்ந்த வீட்டைப் பார்க்கலாம். 1881இல் அரிசோனாவில் நடந்த ஓகே கொரால் துப்பாக்கிச் சண்டையால் பேர்பெற்ற காவல் அதிகாரி அவர். குடும்பம் 1864இல் மாட்டுவண்டிக் கூட்டத்தோடு கலிபோர்னியாவுக்குக் கிளம்பும்வரை பெரும்பாலும் இந்த ஊர்தான் அவருக்கு வீடு.

படி 5: பேச்சும் பழக்கமும்

உள்ளூர்க்காரராகத் தெரிய டச்சு மொழி தேவையில்லை. இவை போதும்:

- எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். அது வணக்கம். நீங்களும் உயர்த்துங்கள்.
- நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை உள்ள சந்திப்பில் ‘நீங்க போங்க’ என்று எல்லோரும் கையசைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒருமுறை மறுத்துவிட்டு, இரண்டாம் முறை போய்விடுங்கள்.
- யார்மேலாவது இடித்துக்கொண்டால் ‘ஓப்’ என்று ஒரு சத்தம் போதும், மன்னிப்பு அதிலேயே அடக்கம்.
- ‘இது கொஞ்சம் வித்தியாசமா இருக்கு’ என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்கவில்லை என்று பொருள். நான் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயைப் பற்றி அப்படித்தான் சொன்னார்கள்.

பேச்சுத் தொடங்க வேண்டுமா? மழை போதுமானதாக இருந்ததா என்று கேளுங்கள். மக்காச்சோளம், சோயா, பக்கத்து மாவட்டத்தில் விழுந்த ஆலங்கட்டி என்று இருபது நிமிடம் ஓடும். பேசியவர் பையிலிருந்து வெள்ளையாக ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாய் நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். நீண்ட பிரசங்கத்தின்போது சப்புவதற்காக டச்சுக் குடும்பங்கள் வைத்திருக்கும் வழக்கம் அது.

படி 6: மாலையில் ஏரி

மதியத்துக்குப் பிறகு பெரும்பாலான பயணிகள் காரைக் கிளப்பிவிடுவார்கள். நீங்கள் தென்மேற்கே சில மைல் தள்ளியிருக்கும் ரெட் ராக் ஏரிக்குப் போங்கள். டெ மொய்ன் ஆற்றின் குறுக்கே 1969இல் முடிந்த அணையால் உண்டான, அயோவாவிலேயே பெரிய ஏரி. சைக்கிள் இருந்தால் ஊரிலிருந்தே ‘வோல்க்ஸ்வேக்’ பாதையில் போகலாம்.

கோர்டோவா பூங்காவில் பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் ஒன்றைப் பார்வைக் கோபுரமாக மாற்றியிருக்கிறார்கள். 106 அடி, 170 படிகள். திறந்திருக்கும் பருவமானால் ஏறிவிடுங்கள். மேலிருந்து தெரியும் தண்ணீருக்கடியில் சிற்றூர்கள் இருந்தன. ரெட் ராக் என்பதும் கோர்டோவா என்பதும் அந்த ஊர்களின் பெயர்கள்தான். அணைக்காகக் காலி செய்யப்பட்டு, இன்று ஏரிக்கும் பூங்காவுக்கும் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கின்றன. காலையில் பேக்கரி, மணிக்கூண்டு என்று ஓர் ஊர் பிழைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து நிற்கும்போது, அந்தத் தண்ணீரை வெறும் காட்சியாகப் பார்க்க முடியவில்லை எனக்கு.

குளிர்காலமானால் கோபுரம் வேண்டாம், அணைக்குக் கீழே போங்கள். உறையாத தண்ணீரில் மீன் பிடிக்க வெண்தலைக் கழுகுகள் வந்து மரங்களில் உட்கார்ந்திருக்கும்.

இருட்டுவதற்கு முன் கிளம்பப் பாருங்கள். அந்தி நேரத்தில் மான்கள் சாலையைக் கடக்கும், அக்டோபர், நவம்பரில் இன்னும் அதிகம். யாரிடமாவது விடைபெற வேண்டியிருந்தால் அரைமணி முன்கூட்டியே ஆரம்பித்துவிடுங்கள். தொடையைத் தட்டி ‘வெல், சரி’ என்று எழுந்த பிறகு வாசலில் ஒரு பேச்சு, கார் கதவருகே ஒரு பேச்சு, கண்ணாடியை இறக்கி இன்னொரு பேச்சு இருக்கிறது.