பழைய கடதாசிக் கட்டுத் தேடி யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

கடைகளில் தேடி அலையாதீர்கள். பிள்ளைகள் விளையாடிய பழைய கடதாசிக் கட்டுகள், அதாவது சீட்டுக் கட்டுகள், வீடுகளில்தான் கிடக்கின்றன. அதிலும் மலாயாவில் ரயில்வேயிலோ கந்தோரிலோ வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பியவர்களின் வீடுகளில் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் அப்பு கொண்டுவந்தது ‘ஹாப்பி ஃபாமிலிஸ்’. லண்டன் ஜாக்கஸ் கம்பனி 1851இல் வெளியிட்ட விளையாட்டு, எங்களுடையது பிந்திய பதிப்பு. தொழிலுக்கு ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, மகன், மகள். மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டு நாலு பேரையும் சேர்க்க வேண்டும். பேக்கர் மிஸ்டர் பன் எங்களுக்குப் பாண்காரன். “பாண்காரன்ரை மகள் இருக்கோ?” என்று 1991இல் ஜாம் போத்தல் விளக்கடியில் கத்துவோம். மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்த காலம். அடுத்த வருடம் நான் லண்டனுக்குப் போய்விட்டேன். 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தில் ஊரே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, மாமி காணி உறுதிகளோடு இந்தக் கட்டு இருந்த பிஸ்கற் பேணியையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

கேட்டால் தருவார் என்றுதான் போனேன். பேணியை மடியில் வைத்துக்கொண்டு மாமி சொன்னார்: “கிணத்துப் பங்கை எழுதித் தாவன் பிள்ளை. நீ அங்கை இருந்து தண்ணி அள்ளப் போறியே?”

மூன்று வாரத்தில் ஒன்பது நாள் இதற்கே போயிற்று. காணி உறுதி எழுதும் நொத்தாரிசு முதலில் அம்மாவின் இறப்புச் சான்றிதழ் கேட்டார். பிறகு என் பிறப்புச் சான்றிதழ். பாஸ்போட்டில் பெயர் வேறு மாதிரி இருந்ததால் விவாகச் சான்றிதழ். எல்லாம் கொடுத்த பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அவர் வரேல்லையோ?” என்றார். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையின்படி, கணவன் இருக்கும்போது அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் மனைவி தன் சொந்தக் காணியைக்கூடக் கைமாற்ற முடியாது. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்து வைத்த வழக்கம், இன்றும் சட்டம். லண்டனில் என் சம்பளத்தில் வீடு வாங்கியவள் நான். ஆகவே பெண்கள் கணவரின் சம்மதக் கடிதத்தை அங்கேயே முறையாக உறுதிப்படுத்தி எடுத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் போகவும் வேண்டாம். பின்னேரத்தில் ஒருவரையும் பிடிக்க முடியாது.

கட்டு கைக்கு வந்தால் முதலில் குடும்பம் குடும்பமாக அடுக்கி எண்ணுங்கள். மாரி ஈரத்தில் ஒட்டிய காட்டுகளை (சீட்டுகளை) பிளேடால் பிரிக்காதீர்கள், படம் உரிந்துவிடும். கிழிசலுக்கு செலோடேப் கூடாது. இராமபாணப் பூச்சி அரித்திருந்தால் மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள்.

வீட்டில் வெட்டிச் செய்த காட்டுகளும் இருக்கும். சேகரிப்பவர்கள் கழித்துவிடுவார்கள். நீங்கள் கழிக்காதீர்கள். எங்கள் கட்டில் தொலைந்துபோன மூன்று பேருக்குப் பதிலாக மாமி தடித்த மட்டையில் புதிதாகக் கீறியிருந்தார். பாண்காரன் மகளுக்கு இரட்டைப் பின்னல், நெற்றியில் பொட்டு. திருப்பிப் பார்த்தால் பொன்னிற எழுத்தில் என் கணவரின் பெயர் பாதி. நாங்கள் லண்டனிலிருந்து அனுப்பிய கல்யாண அழைப்பிதழ்.

“இந்த மூண்டும் காணும் மாமி, மிச்சத்தை நீங்களே வைச்சிருங்கோ” என்றேன்.

“அப்ப கட்டு குறையுமெல்லோ” என்று பேணியை மூடினார்.