மாணவர் வீட்டுக்கே போய் பியானோ சொல்லிக்கொடுக்க

கட்டணம் பேசும் முன் ஒருமுறை வீட்டுக்குப் போய் கருவியைப் பாருங்கள். அங்கே இருப்பதை வைத்துத்தான் நீங்கள் பாடம் எடுக்கப்போகிறீர்கள்.

கீபோர்டு என்றால் முதலில் டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) 0-வில் இருக்கிறதா, டச் வசதி ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். டச் இல்லாவிட்டால் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான். 61 கீ ஆரம்பத்துக்குப் போதும். ஆனால் பியானோதான் இலக்கு என்றால் 88 வெயிட்டட் கீ (பியானோ போலக் கனமாக அழுந்தும் கீ) தேவைப்படும் என்பதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒலியை நீட்டும் பெடலை மிதித்தபடி ஆன் செய்தால் சில மாடல்களில் அது தலைகீழாக வேலை செய்யும்: மிதித்தால் ஒலி நிற்கும், விட்டால் நீளும். ஆஃப் செய்து, காலை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்தால் சரியாகிவிடும்.

மரப் பியானோ என்றால் எல்லாக் கீயையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஈரப்பதத்தில் மரம் உப்பி, சில கீகள் எழாமல் நிற்கும். நடு சி-க்கு மேலுள்ள ஏ கீ 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று ட்யூனர் செயலியில் சோதியுங்கள். சுருதி வெகுவாக இறங்கிய பியானோ ஒரே ட்யூனிங்கில் நிற்காது. சில கம்பிகளின் இழுவிசை கூடும்போது மற்றவை மறுபடி நெகிழும்.

அடுத்தது நாற்காலி. பலரும் கவனிக்காதது இதைத்தான். சாப்பாட்டு மேசை நாற்காலி குழந்தைக்குத் தாழ்வாக இருக்கும். மணிக்கட்டு தொங்கி, விரல் மடங்கிவிடும். முழங்கை கீ மட்டத்துக்கு வரும்வரை மடித்த கெட்டிப் போர்வை போடுங்கள். கால் எட்டாவிட்டால் அடியில் உறுதியான முக்காலி வையுங்கள். கால் தொங்கினால் உடம்பு நிலைக்காது, தோள் இறுகும்.

பாட நேரம் 5 முதல் 7 வயதுக்கு 30 நிமிடம், பெரியவர்களுக்கு 45. கடைசி 5 நிமிடத்தைப் பயிற்சியை நோட்டுப்புத்தகத்தில் எழுத ஒதுக்குங்கள். ‘நன்றாகப் பயிற்சி செய்’ என்றால் குழந்தைக்கு எதைச் செய்வதென்று தெரியாது. ‘பார் (தாளக் கட்டம்) 5 முதல் 8, இடது கை மட்டும், மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) 60, தினம் 5 முறை’ என்று எழுதினால் செய்யும்.

பாட நேரத்தில் டிவி ஓடக்கூடாது. வீட்டில் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், அறைக் கதவு திறந்திருக்க வேண்டும். இவற்றோடு மாத முன்பணம், வகுப்பை ரத்து செய்ய 24 மணி நேர முன்னறிவிப்பு ஆகியவற்றையும் எழுத்தில் கொடுங்கள். ஒரே பகுதி வீடுகளை ஒரே நாளில் வையுங்கள். பயண நேரத்துக்கு மேல் 15 நிமிடம் விடுங்கள். முதல் வீட்டில் தாமதமானால் கடைசிக் குழந்தையின் பாடம்தான் குறையும்.