பினாங்கில் வீகனாகச் சாப்பிடக் கிளம்புகிறீர்களா? இங்கெல்லாம் சறுக்காதீர்கள்

பினாங்கில் வீகன் சாப்பாட்டுக்கு, அதாவது இறைச்சி, மீன் மட்டுமின்றிப் பால், முட்டை போன்ற எதுவும் சேராத சாப்பாட்டுக்கு, பஞ்சமே இல்லை. ஜார்ஜ்டவுனில் காலார நடந்தால் ஒரு தெருவில் இட்லி, தோசைக் கடை, அடுத்த தெருவில் சீனர்களின் சைவக் கடை, அதற்கும் அடுத்ததில் வெளிநாட்டுப் பயணிகளை நம்பி நடக்கும் கஃபே. இவ்வளவு இருந்தும், பால், நெய், முட்டை எல்லாவற்றையும் விட்டவர்கள் வெளியே சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, "அதில் என்ன போட்டிருப்பார்கள்?" என்று மண்டையைக் குடைந்துகொள்கிறார்கள். கடைக்காரர்கள் வேண்டுமென்றே ஏமாற்றுவது அபூர்வம். பெரும்பாலும் நாம் கேட்கிற கேள்விதான் சரியில்லை.

நம்ம கடைதானே என்று உட்கார்ந்துவிடுவது

தமிழர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். சீனக் கடையில் பத்துக் கேள்வி கேட்பவர்கூட லிட்டில் இந்தியாவில் சைவக் கடைக்குள் நுழைந்ததும் வாயை மூடிக்கொள்கிறார். நம் சைவத்தில் மீன் இல்லை, முட்டை இல்லை. ஆனால் பால், தயிர், மோர், நெய், வெண்ணெய் எல்லாம் தாராளமாக உண்டு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் தூக்குகிறவர், விரதச் சாப்பாட்டில் மோர் ஊற்றிக்கொள்வதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொடாத வீடுகளில் நெய்க்குத் தடை கிடையாது. அதனால் "இது சைவமா?" என்று கேட்டால் "சுத்த சைவம்தான்" என்று பதில் வரும். பதில் உண்மைதான், உங்களுக்குத்தான் உதவாது.

வாழையிலைச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். இலை விழுந்த மறு நிமிடமே வேலை ஆரம்பித்துவிடும். ஒருவர் சோற்றைத் தட்டுவார், இன்னொருவர் காய்களை வரிசையாக வைத்துக்கொண்டே போவார், பின்னால் ஒரு கை அப்பளத்தையும் மோர் மிளகாயையும் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். பார்வைக்கு அது வெறும் வறுத்த மிளகாய். ஆனால் மோரிலோ தயிரிலோ ஊறவைத்துக் காயப்போட்டது. பெயரிலேயே மோர் இருக்கிறது, இருந்தாலும் நம்மில் பலர் அதை யோசிப்பதில்லை. பக்கத்தில் வெள்ளரிப் பச்சடி இருந்தால் அதில் தயிர். கடைசியில் வரும் பாயசத்தில் பால், முந்திரி வறுத்த நெய். குழம்பு, ரசம், பொரியல், கூட்டு எல்லாம் பெரும்பாலும் பிரச்சினை இல்லாதவை. தாளித்தது எண்ணெயிலா நெய்யிலா என்று மட்டும் கேட்டால் போதும். அப்பளம் உளுந்து மாவுதான், தைரியமாக நொறுக்கலாம்.

இதையெல்லாம் எப்போது சொல்வது என்பதுதான் முக்கியம். பரிமாற ஆரம்பித்த பிறகு சொன்னால் யார் காதிலும் விழாது. இலை போடும் முன்பே, "அண்ணே, பால், தயிர், மோர், நெய் எதுவும் எனக்கு வேண்டாம், மோர் மிளகாயும் வைக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். இப்படிப் பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் எந்தக் கடையிலும் புரியும். "நான் வீகன்" என்று மட்டும் சொன்னால், "அதான் சைவக் கடைக்கு வந்துட்டீங்களே" என்பார்கள். வீகன் என்ற சொல்லே 1944-இல் இங்கிலாந்தில் பிறந்தது. தோசைக்கல் முன்னால் நிற்கும் அண்ணனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொரு குழப்பம் தேங்காய்ப்பாலில் வருகிறது. "பால் வேண்டாம்" என்று மொட்டையாகச் சொன்னால், தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பையும் உங்களுக்குத் தராமல் விட்டுவிடுவார்கள். "மாட்டுப்பால்தான் வேண்டாம், தேங்காய்ப்பால் பரவாயில்லை" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

தோசைக்கல்லும் ரொட்டிக்கல்லும்

தோசை மாவில் அரிசியும் உளுந்தும்தான். சிக்கல் கல்லில் இருக்கிறது. உங்களுக்கு முன்னால் ஒருவர் நெய்த்தோசை கேட்டிருப்பார், அதற்கு முன்னால் இன்னொருவர் முட்டைத் தோசை. இரண்டுக்கும் நடுவே நடப்பது ஒரு கைத் தண்ணீர்த் தெளிப்பும் துடைப்பத்தால் ஒரு இழுப்பும்தான். பிறகு கிண்ணத்திலிருந்து கரண்டியால் ஏதோ ஒன்றைச் சுற்றி ஊற்றுவார்கள். அந்த 'ஏதோ ஒன்று' எண்ணெயாக இருக்கலாம், நெய்யாக இருக்கலாம், மார்ஜரினாகவும் இருக்கலாம். மார்ஜரின் தாவர எண்ணெயில் செய்வதுதான் என்றாலும் சிலவற்றில் பால்பொருள் சேர்ந்திருக்கும். "நெய் வேண்டாம்" என்று நிறுத்தாமல் "எண்ணெய் மட்டும் ஊத்துங்க" என்று கேட்பது நல்லது. கல்லில் ஒட்டியிருந்த ஒரு துளி நெய்க்காகச் சண்டை போடுவது என் கட்சி இல்லை. அதுவும் கூடாது என்பவர்கள் இட்லி, இடியாப்பம் பக்கம் போய்விடலாம்.

பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் விஷயத்தில் இந்தத் தாராளம் செல்லாது. பல கடைகளில் மாவு பிசையும்போதே நெய்யோ மார்ஜரினோ சேர்க்கிறார்கள், சிலர் மென்மைக்காகக் கெட்டிப்பாலும் முட்டையும் சேர்க்கிறார்கள். முதல் நாள் இரவே பிசைந்து உருட்டி வைத்த மாவில் உங்களுக்காக எதையும் எடுத்துவிட முடியாது. 'நான்' ரொட்டியில் தயிர் வரும். சப்பாத்தி பரவாயில்லை, மேலே நெய் தடவாமல் இருந்தால். கூடவே வரும் குருமாவில் தயிர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

டால்ச்சாவைப் பருப்புக் குழம்பு என்று நம்புவது

தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடையிலும், சோற்றில் பல குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையிலும் "வெறும் காய்கறி, பருப்புக் குழம்பு போடுங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்கிறவர்கள் உண்டு. வருவது டால்ச்சா. மேலே பருப்பும் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் மிதக்கும், பல கடைகளில் அடியில் ஆட்டெலும்பு போட்டு வேகவைத்திருப்பார்கள். நாசி கண்டாரின் ருசியே நாலு குழம்பைக் கலந்து ஊற்றுவதில் இருக்கிறது. மீன் குழம்பில் முங்கிய கரண்டி அடுத்து எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம். அங்கே வெண்டைக்காய் மட்டும் வாங்கினாலும் அதை எந்தக் குழம்பில் போட்டார்கள் என்று கேட்க வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், நாசி கண்டார் கடையில் வீகன் சாப்பாட்டைத் தேடுவதைவிட நாலு எட்டு நடந்து வேறு கடைக்குப் போவது மேல்.

'டாகிங் வேண்டாம்' என்றால் போதும் என்று நினைப்பது

மலாய்க் கடையில் "தா மாவ் டாகிங்" (இறைச்சி வேண்டாம்) என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான் விலகும். கோழியும் மீனும் அந்தச் சொல்லுக்குள் வராது என்பதால், கோழிக் குழம்பை ஊற்றிக் கொடுத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்புறம் இன்னொன்று: மலாய்ச் சமையலில் கண்ணுக்குத் தெரியாத கடல் பொருள்கள் நிறைய. கங்கோங் கீரையை வதக்கினால் பெலாச்சான் என்ற இறால் விழுது. நாசி லெமாக் சம்பலில் நெத்திலி, பெரும்பாலும் பெலாச்சானும். சாயூர் லோடே பார்வைக்கு முட்டைக்கோஸ் குழம்பு மாதிரி வெள்ளையாக இருக்கும், காய்ந்த இறால் இல்லாமல் பலர் அதை வைப்பதில்லை. உலாம் என்ற பச்சைக் கீரைத் தட்டில் கீரைக்குக் குறையொன்றும் இல்லை, தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் சம்பலில்தான் இறால் விழுது.

ஆகவே பட்டியல் போட்டுச் சொல்லுங்கள்: "காக், தா மாவ் பெலாச்சான், இக்கான் பிலிஸ், ஊடாங் கெரிங், சோஸ் தீராம், தெலோர், சூசூ. சந்தான் போலே." அதாவது பெலாச்சான், நெத்திலி, காய்ந்த இறால், சிப்பிச் சாறு, முட்டை, பால் வேண்டாம், தேங்காய்ப்பால் பரவாயில்லை. பாதிக்குள்ளேயே அந்த அக்கா சிரித்துக்கொண்டு, எது எது முடியும் என்று கரண்டியாலேயே காட்டிவிடுவார். வெறுமனே பொரித்த, சோயாவில் செய்த தெம்பேயும் தவ்ஹுவும் (டோஃபு) அநேகமாக எல்லாக் கடைகளிலும் இருக்கும்.

சீன சைவக் கடை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவது

பினாங்கில் ஹொக்கியன் பேசும் கடைகளில் "சியாக் சாய்" என்றால் போதும், நீங்கள் சைவம் என்று உடனே புரிந்துகொள்வார்கள். கோலாலம்பூரின் கன்டனீஸ் கடைகளில் அதற்கு "செக் சாய்". பௌத்த முறைப்படி சமைக்கும் கடைகளில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. ஆனால் முட்டையும் பாலும் அப்படி இல்லை. சில கடைகள் இரண்டையும் ஒதுக்குகின்றன, சில கடைகள் சேர்க்கின்றன. கடைக்குக் கடை மாறும்.

ஏமாற்றுவது போலி இறைச்சிதான். சோயா, கோதுமைப் புரதம், காளான் என்று செய்கிற இந்தச் 'சைவ மட்டன்', 'சைவ மீன்' வகைகளில் பிடிப்புக்காக முட்டை வெள்ளையோ பால் புரதமோ சேர்க்கும் தயாரிப்புகள் உண்டு. பாக்கெட்டாக வாங்கிச் சமைப்பதால் பரிமாறுகிறவருக்கே விவரம் தெரியாமல் இருக்கும். பாக்கெட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், கூட்டம் இல்லாத நேரத்தில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நம் தமிழ் சைவக் கடைகளில் கிடைக்கும் மட்டன் வறுவலுக்கும் இதே கேள்விதான்.

தவ்ஹுவிலும் ஒரு பொறி இருக்கிறது. நீளக் குழாய் போன்ற பிளாஸ்டிக் உறையில் வரும், வட்ட வட்டமாக நறுக்கிப் பொரிக்கும் மஞ்சள் தவ்ஹுவைப் பார்த்திருப்பீர்கள். அது முட்டை சேர்த்த தவ்ஹு. சதுரமாக, வெள்ளையாக இருப்பதைக் கேளுங்கள். மஞ்சள் மீ நூடுல்ஸில் முட்டை இருக்குமா என்று சந்தேகம் வந்தால் மீஹூன் அல்லது குவேதியாவ், இரண்டும் அரிசி.

கடை முகப்பில் இருக்கும் பலகைகள்

'பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்ற பலகைக்கும் வீகனுக்கும் சம்பந்தமில்லை. ஹலால் முத்திரையும் அப்படித்தான். மளிகைக் கடையில் இந்தியாவிலிருந்து வரும் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம் என்று மட்டுமே சொல்கிறது, உள்ளே பால் பவுடர் தாராளமாக இருக்கலாம்.

பினாங்குக்கு வந்துவிட்டு லக்சாவைக் கேட்பது

விருந்தினர் வந்தால் ஊர்ப் பெருமையைக் காட்டாமல் இருக்க முடியாது, சரி. ஆனால் ஆயர் ஈத்தாம் பக்கம் கூட்டிப்போய் அசாம் லக்சா என்ற புளிப்பு நூடுல்ஸ் குழம்பில் "மீன் போடாம குடுங்க" என்று கேட்டால் என்ன செய்வார்கள்? அந்தக் குழம்பே மீனை வேகவைத்து உதிர்த்துச் செய்தது. மேலே ஊற்றும் கறுப்பு விழுது, ஹே கோ, இறாலில் செய்தது. பழ ரோஜாக்கின் கறுப்புச் சாறிலும் அதேதான், அதனால் வெறும் பழமும் வெள்ளரியும் என்று நினைத்துக் கை வைக்காதீர்கள். சார் குவேதியாவில் இறாலையும் சிப்பியையும் எடுத்துவிடலாம், பன்றிக் கொழுப்பில் வதக்கியதை எப்படி எடுப்பது? இவற்றின் சைவ வடிவங்கள் சீன சைவக் கடைகளில் கிடைக்கின்றன. லக்சா வேண்டுமென்றால் அங்கே தேடுங்கள்.

மாறாக, ஊர்ப் பெருமையிலேயே வீகனாக இருப்பவையும் உண்டு. செண்டோலில் தேங்காய்ப்பால், குலா மலாக்கா என்ற வெல்லம், பாண்டான் இலைச் சாறில் செய்த பச்சை இழைகள், சிவப்பு அவரை. பாலுக்கு வேலையே இல்லை. பக்கத்திலிருக்கும் ஐஸ் கச்சாங்கில்தான் டின் பால் ஊற்றுவார்கள். இஞ்சிப் பாகோடு சாப்பிடும் தவ் ஃபூ ஃபா, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவிய புட்டு மாயாம், தேங்காயில் புரட்டிய ஒன்டே ஒன்டே எல்லாம் நமக்கானவை. குவே என்ற பலகாரங்கள் விற்கும் கடையில் செரி மூக்காவை மட்டும் விட்டுவிடுங்கள், மேலே இருக்கும் பச்சை அடுக்கில் முட்டை.

தேநீருக்கு 'தே' என்றால் கெட்டிப்பால், 'தே சீ' என்றால் டின் பால், 'தே ஓ' என்றால் பால் இல்லை. கோப்பி ஓவில் பால் இல்லாவிட்டாலும், உள்ளூர்க் கோப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டு வறுப்பது வழக்கம், சிலர் வெண்ணெய் சேர்ப்பதும் உண்டு. அதுவரை போகிறவர்கள் தே ஓவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நேரம் பார்க்காமல் போவது

சோறும் கறிகளும் வரிசையாக வைத்து விற்கும் சைவக் கடைகளில் மதியம் தாண்டினால் தட்டுகள் காலியாகிவிடும். மாலை ஐந்து மணிக்குப் பசியோடு போய் நின்றால் ஆறிப்போன முட்டைக்கோஸ்தான் மிச்சம். கேள்வி கேட்கவும் நேரம் உண்டு. மதியம் பன்னிரண்டரைக்கு வரிசையில் நின்றுகொண்டு போலி மட்டன் பாக்கெட்டைக் காட்டச் சொல்லாதீர்கள். செயலிகளில் பார்த்துவிட்டுப் போவதென்றால், கடை 'வீகன்', 'சைவம்', 'சைவமும் கிடைக்கும்' ஆகிய மூன்றில் எதில் இருக்கிறது என்று பாருங்கள், கடைசியாக யார் எப்போது கருத்து எழுதினார்கள் என்பதையும் பாருங்கள். சமையல்காரர் மாறினால் செய்முறையும் மாறும்.

சீன நாள்காட்டியில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் சாப்பிடுவார்கள். அன்று சைவக் கடைகளில் வகையும் அதிகம், கூட்டமும் அதிகம். ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள், ஒன்பது பேரரசர் திருவிழாவில் பினாங்கு முழுக்க மஞ்சள் கொடி கட்டிய சைவ அங்காடிகள் முளைத்துவிடும். வழக்கமாக இறைச்சி விற்கும் சிலரும் அந்த நாட்களில் சைவத்துக்கு மாறிவிடுவார்கள். அங்கே ருசித்த மீஹூனை மறு வாரம் அதே அங்காடியில் கேட்கப் போனால், கொடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வாணலியில் பழைய கொழுப்பு திரும்ப ஏறியிருக்கும்.