விதை வாங்காமல் அடுத்த ஆண்டுக்கும் ருட்பெக்கியா

பிளாக்-ஐட் சூசன் எனப்படும் ருட்பெக்கியா செடியில் பருவம் முழுவதும் வாடிய பூக்களைக் கிள்ளிவிடுங்கள். ஆனால் கடைசியாகப் பூத்தவற்றைச் செடியிலேயே காயவிட்டு, நடுவிலுள்ள கருங்கூம்பு விரல்பட்டாலே உதிரும் அளவுக்கு உலர்ந்ததும் அதே பாத்தியின் மேல் கசக்கித் தூவி, மண்ணால் மூடாமல் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள்.

வாடிய பூவை நீக்கினால், விதை முற்றுவதற்குச் செலவாகும் சத்து புதிய மொட்டுகளுக்குப் போகும். இதன் விதை முளைக்க வெளிச்சம் உதவுவதால், ஆழப் புதைத்தால் முளைக்காமல் போகலாம். இச்செடி பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளே வாழ்வதால், தானாக முளைக்கும் நாற்றுகளே பாத்தியைத் தொடர்ந்து நிரப்புகின்றன.

தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் விழாத இடத்திலும், தடித்த மூடாக்கு (மண்ணை மூடும் வைக்கோல், இலைதழை போன்றவை) இட்ட பாத்தியிலும் இம்முறை பலன் தராது. கலப்பின ரகங்களின் விதையிலிருந்து வரும் செடிகள் தாய்ச்செடியின் நிறத்தையோ இதழமைப்பையோ அப்படியே கொண்டிருப்பதில்லை. (எனக்கென்னவோ அந்தக் கலவையும் அழகாகவே தெரிகிறது.) பல்லாண்டு வாழும் ருட்பெக்கியா ஃபுல்கிடா இனத்துக்கோ விதையைவிட, தூரைப் பிரித்து நடுவதே எளிது.