கியர் ஹெட் வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

ட்ரைபாடின் மேல் கேமராவைத் தாங்கும் பகுதிதான் ஹெட். உருண்டையின் மேல் சுழலும் பால் (ball) ஹெட்டில் பூட்டைத் தளர்த்தினால் கேமரா எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் ஆடும். கட்டடத்தின் ஓரத்தை நேராக்கினால் தொடுவானம் சாயும், அதைச் சரிசெய்தால் இது போகும். பற்சக்கரங்களால் நகரும் கியர் ஹெட்டில் ஒவ்வோர் அச்சுக்கும் தனிக் குமிழ். திருகிய அளவுக்கு நகரும், விட்ட இடத்தில் நிற்கும். ஆனால் பலர் பால் ஹெட்டுக்குப் பார்த்த அதே இரண்டு எண்களை, அதாவது எத்தனை கிலோ தாங்கும், எவ்வளவு கனம் என்பதை மட்டும் பார்த்து இதையும் வாங்கிவிடுகிறார்கள்.

முதலில், நீங்கள் எடுப்பது என்ன? கட்டடம், அறை உள்புறம், பொருட்கள், மேக்ரோ (மிக அருகிலிருந்து எடுப்பது), ஓவியத்தைப் படியெடுப்பது, டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் (சாய்க்கவும் நகர்த்தவும் கூடிய லென்ஸ்) வேலை என்றால் கியர் ஹெட் காசுக்குத் தகும். பறவை, விளையாட்டு, ஓடும் குழந்தை என்றால் வேண்டாம். குமிழைத் திருகி முடிப்பதற்குள் பறவை போய்விடும்.

தாங்கும் எடையைப் பற்றி: மான்ஃப்ரோட்டோ 410-க்கு 5 கிலோ, அதே நிறுவனத்தின் எக்ஸ்ப்ரோ கியர் ஹெட்டுக்கு 4 கிலோ, பென்ரோவின் ஜிடி3டபிள்யூஎச்-க்கு 6 கிலோ என்று போட்டிருக்கும். இவற்றை வரிசைப்படுத்திப் பெரியதை எடுப்பதில் பெரிய பயனில்லை. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான சோதனை முறை கிடையாது. அதோடு, எடை எவ்வளவு என்பதைப் போலவே அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் முக்கியம். 2 கிலோ கேமராவில் நீளமான மேக்ரோ லென்ஸை மாட்டி முன்பக்கம் சாய்த்தால் குமிழ் கனக்கும். லென்ஸைச் சுற்றிப் பிடிக்கும் வளையமான காலர் இருந்தால், ஹெட்டில் பூட்டும் தகடான பிளேட்டை அதில்தான் மாட்ட வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது கேமரா எந்த இடத்தில் சுழல்கிறது என்பதை. 410 போன்ற ஹெட்களில் பக்கவாட்டுச் சுழற்சி அடியில் இருக்கிறது. சாய்க்கும் இரண்டு அச்சுகளும் அதற்கு மேலே. மேடு பள்ளமான தரையில் ட்ரைபாட் சாய்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குமிழைத் திருகி கேமராவை மட்டமாக்கிவிடலாம், முதல் படம் சரியாக வரும். அப்புறம் பேனரோமாவுக்காகச் சுழற்றினால், சுழல்வது சாய்ந்த அடித்தளத்தின் மேல் என்பதால் படத்துக்குப் படம் தொடுவானம் இறங்கிக்கொண்டே போகும். பிளேட்டைப் பிடிக்கும் கிளாம்பே சுழலும் ஹெட் என்றால் இந்தத் தொல்லை இல்லை: கீழே மட்டமாக்கிவிட்டு மேலே சுழற்றலாம். பேனரோமா எடுப்பவர் வாங்கும்முன் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்பேன். ஏற்கெனவே அடியில் சுழலும் ஹெட் கையில் இருந்தால், ட்ரைபாடுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் மட்டமாக்கும் தளம் ஒன்றைச் சேர்க்கலாம், கனம் கூடும்.

சாயும் கோணமும் ஏமாற்றும். கைக்கு அடக்கமான சில கியர் ஹெட்கள் இருபக்கமும் 10 டிகிரி அளவுக்குத்தான் சாயும். அதில் கேமராவை நெடுக்கையாகத் திருப்ப முடியாது. கேமராவை நெடுக்கையாகவும் மாட்ட உதவும் L வடிவத் தகடான எல் பிராக்கெட் தேவை. அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

கியர் இருக்கிறது என்பதாலேயே நுணுக்கம் வந்துவிடாது. பற்களுக்கு இடையே 'ப்ளே', அதாவது தளர்வு, அதிகம் இருந்தால் எல்லாம் வீண். சோதிப்பது சுலபம்: தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் மாட்டி, திரையில் தெரியும் லைவ் வியூவைப் பெரிதாக்கி, குமிழை ஒரு பக்கம் கொஞ்சம் திருகிவிட்டு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். படம் அசையாமல் குமிழ் மட்டும் எவ்வளவு சும்மா சுற்றுகிறதோ, அவ்வளவு ப்ளே. கொஞ்சம் இருப்பது இயல்பு. எப்போதும் மேல்நோக்கித் திருகி முடித்தால் கேமராவின் எடையே பற்களை ஒட்டி நிறுத்தும். குமிழைத் தொடாமல் கேமராவை லேசாக அழுத்தும்போதே படம் ஆடினால், ஹெட்டைக் குறை சொல்லும்முன் நடுக்கம்பத்தை இறக்கிவிட்டு மறுபடி பாருங்கள். ஆடுவது ட்ரைபாடாகவும் இருக்கலாம். ஹெட்டில் பதித்த ரசமட்டத்தை நான் நம்புவதில்லை. கேமராவிலேயே இருக்கும் மட்டம் காட்டும் வசதியும் திரைக் கட்டங்களும் போதும்.

பெரிய அசைவுக்குக் கியரை விடுவிக்கும் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் 40 டிகிரி சாய்க்கத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். இருந்தால் இன்னொரு ஆபத்து: ஒரு கையால் கேமராவைப் பிடிக்காமல் வளையத்தைத் திருப்பினால் லென்ஸ் தலைகுப்புறச் சாயும்.

கடைசியாக பிளேட். ஒரே நிறுவனமானாலும் 410-இன் பிளேட் வேறு, எக்ஸ்ப்ரோவின் 200 வகை பிளேட் வேறு. பல நிறுவனங்கள் பயன்படுத்தும் ஆர்கா வகை பிளேட் சுமார் 38 மி.மீ. அகலம் என்றாலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு கொஞ்சம் மாறும். திருகு கிளாம்ப் அதைச் சமாளிக்கும், நெம்பு கிளாம்ப் சில சமயம் தளர்வாகப் பிடிக்கும். பழைய ஹெட் வாங்கினால் பிளேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். மூன்று குமிழ்களையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருகிப் பாருங்கள். நடுவில் நறநறவென்றால் மணல் போயிருக்கலாம். ஒரே இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் துள்ளினால் பல் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.