விடுமுறை நாள்களில் வீட்டு வாழ்க்கையைக் கைப்பேசியில் படமெடுப்பது எப்படி?

பிறந்தநாள், காதுகுத்து, கோயில் திருவிழா என்றால் யாராவது ஒருவர் கேமராவோடு வந்துவிடுகிறார். அதே வீட்டில் பாட்டி பேத்திக்கு எண்ணெய் தேய்த்துப் பின்னல் போடுவதையோ, மாம்பழக் கொட்டை யாருக்கு என்று அண்ணனும் தங்கையும் மல்லுக்கு நிற்பதையோ படமெடுத்து வைக்க எவருக்கும் தோன்றுவதில்லை. ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை நீளும் பள்ளி விடுமுறை இந்தக் குறையைத் தீர்க்கத் தோதான காலம். பிள்ளைகள் நாள் முழுவதும் வீட்டில் இருக்கிறார்கள். ஒரே காட்சி மறுநாளும் அதே இடத்தில், ஏறத்தாழ அதே நேரத்தில் திரும்ப வருகிறது. இன்று தவறிய படத்தை நாளை எடுத்துக்கொள்ளலாம் என்ற வசதி கல்யாண வீட்டுப் புகைப்படக்காரருக்குக்கூடக் கிடையாது.

ஆகவே கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன், காலையில் கண் விழிப்பதிலிருந்து இரவு கொசுவலைக்குள் நுழைவது வரை உங்கள் வீட்டில் அன்றாடம் நடப்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றுள் அடுத்த கோடைக்குள் மாறிவிடக்கூடியவை எவை என்று பார்த்து, ஐந்தாறைத் தேர்ந்தெடுங்கள். விழுந்த முன்பல், தாத்தாவின் மதியத் தூக்கம், சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் வந்திருக்கும்போது வாசலில் குவியும் செருப்புகள், மின்தடை நேரத்துத் தாய ஆட்டம் போன்றவை அந்தப் பட்டியலில் தாமாகவே வந்து உட்காரும். கண்ணில் பட்டதையெல்லாம் எடுப்பதைவிட, ஐந்தாறு காட்சிகளை விடுமுறை முழுவதும் தொடர்ந்து எடுப்பது நல்ல பலனைத் தரும் என்பது என் கருத்து.

வெயிலைக் கணக்கில் கொள்ளுங்கள்

நம் ஊர்க் கோடையில் படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் உச்சி வெயில்தான். கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகும் ஆகஸ்ட் வரை உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. அந்த நேரத்தில் வெட்டவெளியில் நிற்கும் பிள்ளையின் நெற்றியும் மூக்கும் வெளுத்துப்போய், கண் குழிகள் இருண்டு தெரியும். சென்னையில் மே மாதத்தில் சூரியன் காலை 5.45 மணியை ஒட்டி உதித்து, மாலை 6.30 மணியை ஒட்டி மறைகிறது. எனவே வெளிப்புறப் படங்களைக் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் வைத்துக்கொண்டு, இடைப்பட்ட நேரத்தை வீட்டுக்குள் நடப்பவற்றுக்கு ஒதுக்குவது நல்லது.

வீட்டுக்குள் ஒளி வரும் இடம் எது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். திண்ணையுள்ள வீடு என்றால் வேறு இடமே தேட வேண்டாம். மேலே கூரை உச்சி வெயிலைத் தடுக்க, திறந்த முன்பக்கத்திலிருந்து மென்மையான வெளிச்சம் முகத்தில் விழும். அடுக்குமாடி வீட்டில் பால்கனிக் கதவோ கூடத்துச் சன்னலோ அந்த வேலையைச் செய்யும். பல்லாங்குழிப் பலகையையோ வண்ணம் தீட்டும் புத்தகத்தையோ சன்னலுக்கு இரண்டடி தள்ளி வைத்துவிட்டால் பிள்ளைகள் தாமாக அங்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து நகர்த்த வேண்டியதில்லை. சன்னல் வெளிச்சம் இருக்கும்போது டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் இரண்டு ஒளியும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் ஒரு நிறமாகவும் மறுபக்கம் வேறு நிறமாகவும் தெரியக்கூடும். வாசலில் நிற்கும் பிள்ளையை உள்ளிருந்து எடுத்தால் கருநிழல்தான் கிடைக்கும். நீங்கள் வாசல் பக்கம் போய், வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்று எடுங்கள்.

மாநிறமும் கறுப்புமான முகங்களை எடுக்கும் நமக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கேமரா, தனக்கு முன் இருப்பதையெல்லாம் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் அது படம் முழுவதையும் சற்று இருட்டாக்கிவிட, முகம் அமுங்கிப்போகும். திரையில் முகத்தின் மீது விரலை வைத்துச் சற்று அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைப்பேசிகளில் ஒளியளவு அந்த இடத்துக்கு ஏற்ப நிலைபெறும். பிறகு பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ளி வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். முகத்தை மெருகேற்றும் ‘பியூட்டி’ வசதியை மட்டும் முதல் நாளே நிறுத்திவிடுங்கள். பிள்ளையின் நிறத்தை வெளுக்கும் வேலையைக் கேமராவிடம் யாரும் ஒப்படைக்கவில்லை.

ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை எடுப்பது

வடாம் பிழியும் நாளை எடுத்துக்கொள்வோம். கூழ் கிண்டும் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். அப்போது அடுக்களையில் இருப்பது குழல்விளக்கின் ஒளி மட்டுமே என்பதால், கைப்பேசியை மேடையிலோ அலமாரி ஓரத்திலோ ஊன்றிப் பிடித்து, அம்மாவின் கை துடுப்பைச் சுற்றி நிறுத்தும் கணத்துக்காகக் காத்திருங்கள். பாத்திரத்துக்கு நேர் மேலே நீட்டினால் ஆவி பட்டு லென்ஸ் மங்கிவிடும். பக்கவாட்டிலிருந்து எடுத்தால் எழும் ஆவியும் படத்தில் விழும்.

ஆறரை மணிக்கு மொட்டைமாடியில் வெயில் தாழ்வாகச் சாய்ந்து வருகிறது. அச்சிலிருந்து விழும் ஒவ்வொரு இழைக்கும் பக்கத்தில் மெல்லிய நிழல் விழுவதால் வடாமின் வளையங்கள் தனித்தனியாகத் தெரியும்; ஒன்பது மணி ஆகிவிட்டால் வெள்ளை விரிப்பின் மேல் வெள்ளை வடாம், ஒன்றும் பிரித்தறிய முடியாது. அதற்குள் முதலில் படிக்கட்டுக் கூரையின் பக்கத்திலிருந்து, நான்கு மூலையிலும் கல் வைத்த விரிப்பும் அதைச் சுற்றிக் குந்தியிருப்பவர்களும் முழுமையாகத் தெரியும்படி ஒன்று எடுங்கள். அடுத்து நீங்களும் தரையில் குந்தி, அச்சை அழுத்தும் கைகளை மட்டும் எடுங்கள். புறங்கையில் எழும் நரம்பும், வளையலை மேலே தள்ளிவிட்டிருக்கும் விதமும் தெரிய வேண்டும். பிறகு, பாதி காய்ந்த வடாமை யாருக்கும் தெரியாமல் உரித்துத் தின்னும் பிள்ளையையும், காக்கைக் காவலுக்கு விரித்து வைத்த கறுப்புக் குடையையும் எடுத்தால் கதை ஏறக்குறைய முடிந்துவிடும். மாலையில் காய்ந்ததை டப்பாவில் அள்ளுவது மட்டும் மிச்சம். விரிப்பின் வெண்மை கேமராவை ஏமாற்றும் என்பதால், எல்லாப் படத்திலும் ஆளின் மீது விரலை வைத்தே ஒளியை அமைக்க வேண்டும். நண்பகலில் படத்துக்காகப் பிள்ளையை வெறுங்காலோடு மாடியில் நிறுத்தாதீர்கள். தளம் அடுப்புக்கல்போல் சுடும்.

தூரத்திலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, கைகளை ஒட்டி ஒன்று, வேலை முடிந்த பின் ஒன்று என்ற இதே வரிசை ஊறுகாய் போடுவதற்கும், சைக்கிள் பழகுவதற்கும், நுங்குக் கூந்தலில் (நுங்கைத் தோண்டி எடுத்த வெறும் காயில்) வண்டி செய்வதற்கும் பொருந்தும்.

கைப்பேசியைப் பிடிக்கும் முறை

முதலில் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். அடுக்களையிலும் கூடத்திலும் புழங்கும் கைப்பேசியில் எப்போதும் விரல் எண்ணெய் படிந்திருக்கும். விளக்கைச் சுற்றிப் புகைபோல் பரவும் மங்கலுக்குப் பல நேரம் அதுவே காரணம். பிள்ளையின் கண் மட்டத்துக்குக் குனியுங்கள் அல்லது தரையில் உட்காருங்கள். முகத்தை நெருங்கி எடுக்கும்போது ஓரடித் தூரத்தில் நீட்டாமல், இரண்டு மூன்று அடி பின்வாங்கி இரண்டு மடங்குப் பெரிதாக்கத்தில் எடுத்தால் மூக்கு உப்பித் தெரியாது.

ஓடும் பிள்ளையை எடுக்க வெளிச்சம்தான் முதல் தேவை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அமைப்புகளை நாமே மாற்றிக்கொள்ளும் ‘புரோ’ முறை இருந்தால் ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா ஒளியை உள்வாங்கும் நேரத்தை, விநாடியில் 1/500 என்று வையுங்கள். இல்லையெனில் வெளிச்சமான இடத்தில் தொடர் படங்களாக எடுத்து, அவற்றில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரவுப் படங்களுக்கான ‘நைட்’ முறை பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பதால், தூங்கும் குழந்தைக்குப் பொருந்துமே தவிரத் துள்ளும் குழந்தைக்குப் பொருந்தாது. சில எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அலை என்பதால், அலைக்கு இருமுறையாக அவ்விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டரை 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் கோடு மறையும்.

“இங்கே பார், சிரி” என்று சொல்லாதீர்கள். சொன்ன மறுகணமே இரண்டு விரல் எழும்பிவிடும். முதல் சில நாள்கள் பிள்ளைகள் கேமராவைப் பார்த்து முகத்தைக் கோணுவார்கள். அதையும் இரண்டு எடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒலியை அணைத்து வைத்துவிட்டு அதே மூலையில் தினமும் உட்கார்ந்தால், அவர்களுக்கு அலுத்துப்போய்த் தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்குவார்கள். நீங்கள் காத்திருந்தது அதற்குத்தான்.

ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிள் நிறுவனம் சொல்கிறது. கத்திரி வெயிலில் வேலூரும் திருச்சியும் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். சூடேறிய கைப்பேசி திரையை மங்கச் செய்யும், சில சமயம் கேமராவையே நிறுத்திவிடும். நிழலில் வைத்து ஆறவிடுங்கள்; குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

எடுப்பவர் படத்தில் இல்லாத குறை

விடுமுறை முழுவதும் எடுத்த படங்களில் அப்பா எங்கே, அம்மா எங்கே என்று பின்னாளில் தேட நேரக்கூடாது. வாரம் ஒரு நாள் கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுங்கள். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ழாக் ஆன்ரி லார்த்திக் சிறுவனாக இருந்தபோதே தந்தை வாங்கித் தந்த கேமராவில், வீட்டார் குதிப்பதையும் விளையாடுவதையும் படமெடுத்துக் குவித்தார். 1963இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தது. உங்கள் பிள்ளை எடுப்பதில் பாதி உங்கள் முழங்காலாக இருந்தாலும், மீதியில் நீங்கள் இருப்பீர்கள்.

வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் நிறுத்திவிட வேண்டும். குளிக்கும், உடை மாற்றும் படங்களையும், அழுகையைக் கேலிப்பொருளாக்கும் படங்களையும் எவருக்கும் அனுப்பாதீர்கள். நாத்தனார் பிள்ளைகளின் படத்தைப் பொதுவெளியில் இடுவதானால் அவர்களின் பெற்றோரைக் கேட்டுவிட்டு, இடக்குறிப்பை நீக்கிய பிறகே இடுங்கள்.

சேமிப்பும் அச்சும்

ஞாயிறு தோறும் அரை மணி நேரம் ஒதுக்கி, கண் மூடியவற்றையும் ஒரே மாதிரியானவற்றையும் அழியுங்கள். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, மின்னஞ்சலுக்கும் சேர்த்தே என்பதால் அதை மட்டும் நம்பாமல், கணினியிலோ தனி வன்தட்டிலோ இன்னொரு பிரதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். அச்சுக் கடைக்கு அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள். 4×6 அங்குல அச்சுக்கு 1200×1800 புள்ளிகள் தாராளம்.

அச்சிட்டு வந்தவுடன், பின்பக்க ஓரத்தில் அழியாத மைப் பேனாவால் தேதி, ஊர், ஆள்கள் ஆகியவற்றை எழுதி, மை காயும்வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் வையுங்கள். ‘பெரியம்மா’ என்று மட்டும் எழுதினால் போதாது. யாருக்குப் பெரியம்மா, அவர் பெயர் என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.