தெருப்பூனையை வீட்டுக்குள் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு வருடமாகச் சுற்றிக்கொண்டிருந்த செவலைக் கடுவன் ஒன்று, ஓர் ஐப்பசி மழையில் பின்னங்கால் கிழிந்து நொண்டிக்கொண்டு வந்தது. தினமும் சோறு வைக்கிற கை என்பதால் கூடைக்குள் வந்துவிட்டது. மருத்துவரிடம் தையல் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தின் நடுவில் கூடையை வைத்துத் திறந்துவிட்டேன். ஒரே பாய்ச்சலில் சோஃபாவுக்கு அடியில் புகுந்து, அங்கிருந்து சமையலறைக்கு ஓடி, கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டது. வெளியே என் காலைச் சுற்றிச் சுற்றி உரசிய அதே பூனை, உள்ளே என்னைப் பார்த்துச் சீறியது.

தெருவில் அதற்கு ஒவ்வொரு மதில் சுவரும் தெரியும். நாய் வந்தால் எந்த வண்டிக்கு அடியில் புகுந்து எந்தப் பக்கம் ஏறுவது என்று யோசிக்காமலே தெரியும். வீட்டுக்குள் எதுவுமே தெரியாது. மூன்று அறை, குக்கர் விசில், மிக்ஸி, டிவி, நாலு மனிதர்கள் என எல்லாவற்றையும் ஒரே நாளில் அதன் தலையில் இறக்குவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு. நானும் அதைத்தான் செய்தேன்.

ஒரே ஓர் அறை போதும். கதவு சாத்தியிருக்க வேண்டும், ஆள் நடமாட்டம் குறைவாக இருக்க வேண்டும். தனி அறை ஒதுக்க வசதி இல்லையென்றால், படுக்கையறை மூலையில் பெரிய கூண்டு ஒன்றை வைத்து மூன்று பக்கமும் பழைய பருத்திச் சேலையால் மூடிவிடலாம். ஒளிந்துகொள்ள இடம் கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள். கட்டிலுக்கு அடியையும் பரணையும் அடைத்துவிட்டு, இரண்டு பக்கம் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்றை வையுங்கள். ஓட்டை ஒன்றே ஒன்று என்றால் பூனைக்கு அது பொறி மாதிரி. பரணில் ஏறிவிட்டால் அப்புறம் சாப்பாடு, மணல், மருந்து எல்லாமே சிக்கல்தான்.

எந்தப் பூனையைக் கொண்டுவருகிறோம் என்பதிலும் தவறு நடக்கிறது. ஒரு காலத்தில் யார் வீட்டிலோ வளர்ந்து தெருவுக்கு வந்த பூனை, அல்லது தெருவிலேயே பிறந்தாலும் ஆட்களோடு பழகிய பூனை, சில வாரங்களில் வீட்டுக்குப் பழகிவிடும். மனிதக் கை படாமலே வளர்ந்து, நம்மைக் கண்டால் நிழலாகக் கூட நிற்காத பூனை வேறு. பிறந்து இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரைதான் ஒரு குட்டி மனிதர்களைத் தன் உலகத்தில் சுலபமாகச் சேர்த்துக்கொள்ளும் காலம். அதைத் தாண்டிப் போகப்போகக் கஷ்டம் கூடும். வளர்ந்துவிட்ட ஆள் பழகாத பூனையை நான்கு சுவருக்குள் அடைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அது இருந்த இடத்திலேயே விட்டுச் சோறு வைப்பதுதான் அதற்கு நாம் செய்யக்கூடிய நல்லது. இடது காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் யாரோ ஏற்கெனவே கருத்தடை செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

குட்டிகள் தனியாகக் கத்துகின்றன என்று உடனே அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். எட்டு வாரமாவது தாயிடம் இருக்கும் குட்டிக்கு, விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவு, விளையாடும் விதம் எல்லாம் தாயிடமிருந்தே வந்துவிடும்.

கொண்டுவந்த கையோடு குளிப்பாட்டுவது இன்னொரு தவறு. அழுக்காக இருக்கிறதே என்று தோன்றும்தான். ஏற்கெனவே பயந்துபோன பூனைக்கு அது சித்திரவதை. சின்னக் குட்டி என்றால் உடல் சூடு இறங்கி உயிருக்கே ஆபத்து. கிருமிநாசினி கலந்த தண்ணீர் கூடவே கூடாது. தெள்ளுப்பூச்சிக்கு, நாய்களுக்கு விற்கும் சொட்டு மருந்தை எடுத்துப் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

கையும் கண்ணும்

ஒளிந்திருக்கும் பூனையை இழுத்து வெளியே எடுத்து, மடியில் வைத்துத் தடவினால் பாசம் புரிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பூனைக்குப் புரிவது ஒன்றுதான்: ஒளிந்த இடத்திலும் பாதுகாப்பு இல்லை. ஒருமுறை இழுத்தால் ஒரு வாரப் பழக்கம் போய்விடும். பிடரியைப் பிடித்துத் தூக்குவதும் அப்படித்தான். தாய் குட்டியைத் தூக்குவதைப் பார்த்து வளர்ந்த பூனையையும் அப்படித் தூக்குகிறோம். அதற்கு வலியும் பயமும்தான் மிச்சம்.

நின்றுகொண்டு குனிந்து பார்க்காதீர்கள். தரையில், பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். ஏதாவது வாசியுங்கள், சன்னமான குரலில் பேசுங்கள். கண்ணுக்குக் கண் உற்றுப் பார்ப்பது பூனை மொழியில் சண்டைக்கு அழைப்பது. பார்க்க நேர்ந்தால் மெதுவாகக் கண்ணை மூடித் திறங்கள். 2020-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மனிதர்கள் மெதுவாகக் கண் மூடித் திறந்தபோது பூனைகளும் பதிலுக்கு அதையே அதிகம் செய்தன. முன்பின் தெரியாதவர் அப்படிச் செய்தபோதும், அவர் நீட்டிய கையருகே வருவது அதிகமாக இருந்தது. பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா என்று கேட்கிறோம். பூனை நம் எதிரில் கண்ணை மூடினால், ‘உன்னை நம்புகிறேன்’ என்று பொருள்.

செவலையைப் பிறகு சிறிய அறைக்கு மாற்றினேன். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் அந்த அறைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவேன். முதலில் பெட்டிக்குள் இரண்டு கண் மட்டும் தெரியும். பிறகு மீசை. பதினோராம் நாள் வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்து, என் கால் கட்டைவிரலை மோந்து பார்த்தது. மூக்கின் ஈரம் பட்டதும் நான் அசையவில்லை. திரும்பிப் பெட்டிக்குள் போய்விட்டது. மறுநாள் அதே விரலில் தன் கன்னத்தைத் தேய்த்தது. அப்போதும் நான் தடவவில்லை. நான்காவது முறை ஒரு விரலை மட்டும் நீட்டினேன். தாடையை அதுவே கொண்டுவந்து வைத்தது. முதலில் கன்னம், தாடை, காதுக்கு நடுவில். வயிறும் வாலும் ரொம்ப நாளைக்கு வேண்டாம்.

சாப்பாடு

கிண்ணம் நிறைய எந்நேரமும் தீனி வைத்திருந்தால் பழகும் வாய்ப்பு ஒன்றை இழக்கிறீர்கள். வேளைக்கு வேளை நீங்களே கொண்டுபோய் வைத்து, அங்கேயே தள்ளி உட்காருங்கள். உங்கள் வாசனையும் சாப்பாடும் அதன் மனதில் ஒன்றாகட்டும்.

பூனை என்றாலே பால் என்று நமக்கு ஊறிப்போயிருக்கிறது. வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பசும்பால் செரிக்காது; வயிற்றுப்போக்குதான் வரும். குட்டிக்கும் பசும்பால் ஆகாது, பூனைக்குட்டிக்கான பால் பவுடர்தான் சரி. தயிர் சாதமும் பால் சாதமும் தின்று வளரும் பூனைக்கு டாரின் என்ற சத்து கிடைக்காது. இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் இந்தச் சத்தைப் பூனையின் உடலால் போதிய அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. குறைந்தால் கண் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். மீன் குழம்பில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம்; வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும். உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்த கோழி, மீன், கூடவே பூனைத் தீனி போதும்.

புது இடத்தில் ஒரு நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். இரண்டு நாள் தாண்டினால் காத்திருக்காதீர்கள், மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கே ஆபத்தாகும்.

மணல்

பூனை மலஜலம் கழிக்கக் கடையில் விற்கும் ‘லிட்டர்’ என்ற மணலை, வாசனை போட்ட விலை உயர்ந்த ரகமாக வாங்கி வைத்துவிட்டு, பூனை மூலையில் அசிங்கம் செய்கிறது என்று அடிக்கிறார்கள். தெருவில் மண்ணில் போன பூனைக்கு மண்தான் தெரியும். கட்டட வேலைப் பாண்டு மாதிரி அகலமான, ஆழம் குறைந்த ஒன்றில் முதலில் சாதாரண மண்ணையே நிரப்புங்கள். பழகியதும் கொஞ்சம் கொஞ்சமாக லிட்டரைக் கலந்து மாற்றலாம். சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு பூனை என்றாலும் இரண்டு தட்டு வைப்பது நல்லது. தினமும் அள்ளுங்கள். பூனை மலத்தில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால், அன்றன்றைக்கு அள்ளுவது பாதுகாப்பும்கூட. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலை அவருக்கு வேண்டாம்.

தவறிப்போன இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவாதீர்கள். பினாயில் பட்ட தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே பூனைக்கு ஆபத்து. பாச்சை உருண்டையும் அப்படியே. காய்ச்சல் போலிருக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். பூக்கட்டும் நூல், தையல் நூல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். விழுங்கிய நூல் குடலை அறுத்துவிடும்.

இரவு அழுகை

முதல் சில இரவுகள் கதவருகே நின்று கத்தும். மனம் தாங்காமல் ஒரு நாள் வெளியே விட்டு, மறுநாள் உள்ளே அடைத்தால், கத்தினால் கதவு திறக்கும் என்று கற்றுக்கொள்ளும். படுக்கப் போகும் முன் குச்சியில் துணியைக் கட்டி ஓடவிட்டு விளையாடுங்கள், பிறகு சாப்பாடு வையுங்கள். வேட்டை, உணவு, தூக்கம் என்பதுதான் அதன் இயல்பான வரிசை.

கருத்தடை செய்யாத பூனையின் அழுகை வேறு. அதை எந்த விளையாட்டும் அடக்காது. பெட்டைப் பூனை நான்கு மாதத்திலேயே சினையாகலாம். கடுவன் சுவரெல்லாம் மூத்திரம் பீய்ச்சும். நாள் தள்ளாதீர்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

பால்கனியில் புறாவுக்குக் கட்டிய நைலான் வலையை நம்பவே வேண்டாம். பூனை கடித்து ஓட்டை போட்டுவிடும். கம்பி வலைதான் நிற்கும்.

வீட்டில் வேறு பூனை இருந்தால் புதியதை இரண்டு வாரமாவது தனியே வையுங்கள். பான்லுகோபீனியா என்ற பூனைத் தொற்றுநோயின் கிருமி மாதக்கணக்கில் தரையிலும் துணியிலும் வீரியம் குறையாமல் இருக்கும். தடுப்பூசி போடாத குட்டிகளை அது ஓரிரு நாளில் கொண்டுபோய்விடும். புதுப் பூனை கடித்தாலோ கீறினாலோ ‘சின்னக் கீறல்தானே’ என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

பூனை அந்த அறையில் வால் தூக்கி நடக்க ஆரம்பித்ததும் கதவைத் திறக்கலாம். வீடு அமைதியாக இருக்கும் நேரமாகப் பார்த்துத் திறங்கள். கூப்பிடாதீர்கள், தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் விடாதீர்கள். பெட்டியும் மணலும் அதே இடத்தில் இருக்கட்டும். செவலை முதல் நாள் நிலைப்படியில் முன்னங்கால் இரண்டை மட்டும் வைத்து வெகு நேரம் நின்றது. பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. கதவைத் திறந்தபடியே விட்டேன்.